லீற்றருக்கு எவ்வளவு ஓடும்?

கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ அக்கரைப்பற்றிலோ ஒரு வாகனம் கைமாறுகின்றபோது மூன்று கேள்விகள் தவறாமல் கேட்கப்படுகின்றன. எந்த ஆண்டு வண்டி? கடைசி விலை என்ன? லீற்றருக்கு எவ்வளவு ஓடும்? முதலிரண்டுக்கும் விற்பவர் சற்றே தயங்கியேனும் விடை சொல்வார். மூன்றாவதற்கு மட்டும் தயக்கமே இராது. “சும்மா முப்பது ஓடும் ஹாஜியார்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். கேட்பவரும் அதில் மூன்றிலொரு பங்கை மனதுக்குள் கழித்துக்கொண்டு, கழித்தது போக எஞ்சியதையாவது நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுப்பார். இந்த எண் எங்கிருந்து வந்தது என்று இருவருமே விசாரிப்பதில்லை.

விசாரிக்க வேண்டிய அவசியம் 2022ஆம் ஆண்டுக்கு முன்னர் பெரிதாக எழுந்ததுமில்லை. பெற்றோல் தீர்ந்தால் அடுத்த நிரப்பு நிலையத்தில் ஊற்றிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை எல்லோருக்கும் இருந்தது. அந்த ஆண்டில் அந்நம்பிக்கை அடியோடு தகர்ந்தது. 2022 மார்ச் மாத ஆரம்பத்தில் 177 ரூபாவாக இருந்த ஒக்டேன் 92 பெற்றோல் ஒரு லீற்றரின் விலை, ஜூன் மாத இறுதியில் 470 ரூபாவாயிற்று. விலை கொடுக்க ஆயத்தமாக இருந்தவருக்கும் எரிபொருள் கிடைக்கவில்லை. நாட்கணக்கில் வரிசையில் காத்திருந்து, வண்டியை இயக்காமல் கையால் தள்ளித் தள்ளி முன்னகர்ந்த காட்சிகளை எமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வரிசையிலேயே உயிர் நீத்தவர்களும் இந்நாட்டில் உண்டு.

அதன்பின் ஜூலை மாதத்தில் கியூ.ஆர். அட்டை முறை அறிமுகமானது. வாரமொன்றுக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கும் வானுக்கும் 20 லீற்றர் என்று ஒதுக்கப்பட்டது. பின்னர் படிப்படியாக அதிகரிக்கப்பட்ட இந்த ஒதுக்கீட்டு முறை 2023 செப்டெம்பரில் நீக்கப்பட்டது. ஓராண்டுக்கு மேல் நீடித்த அக்காலத்தில்தான், லீற்றருக்கு எவ்வளவு ஓடும் என்ற வினா பேரம் பேசுவதற்கான பேச்சு என்ற நிலையிலிருந்து மாறி, போய்ச் சேருவோமா, திரும்பி வருவோமா என்ற வினாவாக உருமாறிற்று.

இக்கரையோரத்தின் புவியியலை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும். அம்பாறை மாவட்டத்தில் ரயில் பாதை இல்லை. அருகிலுள்ள ரயில் நிலையம் மட்டக்களப்பில் இருக்கின்றது. கொழும்புக்குச் செல்வதென்றால், மஹியங்கனை, கண்டி வழியாயினும் பொலன்னறுவை வழியாயினும், கல்முனையிலிருந்து தூரம் 350 கிலோமீற்றருக்குச் சற்று முன்பின்னாகவே இருக்கும். மஹரகம வைத்தியசாலைக்குச் செல்லும் நோயாளியும், கட்டுநாயக்கவில் வளைகுடாவுக்கு விமானம் ஏறும் இளைஞனும், உம்றாவுக்குப் புறப்படும் குடும்பமும் இத்தூரத்தை வீதியாலேயே கடந்தாக வேண்டும்.

இனிக் கணக்குக்கு வருவோம். நம் வீதிகளில் பெருமளவில் காணப்படும் ரொயோட்டா அக்வா கார் 2011 டிசம்பரில் ஜப்பானில் அறிமுகமான வேளையில், லீற்றருக்கு 35.4 கிலோமீற்றர் ஓடும் என்று அறிவிக்கப்பட்டது. வாராந்த ஒதுக்கீடான 20 லீற்றரை அதனால் பெருக்கினால் 708 கிலோமீற்றர் வருகின்றது. அதாவது, கல்முனையிலிருந்து கொழும்புக்குப் போய் மீண்டும் வந்து, வீட்டு வாசலில் 8 கிலோமீற்றருக்கான பெற்றோல் மிச்சமாக நிற்க வேண்டும். இதே கார் அமெரிக்காவில் பிரியஸ் சி என்ற பெயரில் விற்கப்பட்டது. அங்கே அரசாங்கத்தின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் அதற்கு வழங்கிய எண் கலனுக்கு 50 மைல். எமது அளவையில் அது லீற்றருக்கு 21.3 கிலோமீற்றர். 20 லீற்றரில் 426 கிலோமீற்றர். இக்கணக்கின்படி கார் கொழும்பைச் சென்றடையும். ஆனால் திரும்பி வருகையில் கேகாலைக்கு அருகில் நின்றுவிடும்.

ஒரே கார். ஒரே இயந்திரம். ஜப்பானின் எண்ணில் அது வீடு வந்து சேர்கின்றது. அமெரிக்காவின் எண்ணில் கேகாலையில் தெருவோரம் நிற்கின்றது. இரண்டுமே அரசாங்க அங்கீகாரம் பெற்ற எண்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அப்படியாயின் வேறுபாடு எங்கே பிறந்தது?

அந்த எண்கள் வீதியில் அளக்கப்படுவதில்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஆய்வுகூடமொன்றில், காரின் சக்கரங்களை உருளைகளின் மீது ஏற்றி, நின்ற இடத்திலேயே ஓடவிடுகின்றார்கள். எந்த விநாடியில் எந்த வேகம், எப்போது நிறுத்தம், எப்போது மீண்டும் புறப்பாடு என்பதெல்லாம் முன்கூட்டியே அட்டவணையிடப்பட்டிருக்கும். அந்த அட்டவணை நாட்டுக்கு நாடு வேறுபடும். அக்வாவுக்கு 35.4 என்ற எண்ணை வழங்கிய ஜப்பானிய முறைக்கு ஜேசி08 என்று பெயர். 1204 விநாடிகள், அதாவது 20 நிமிடங்கள், 8.17 கிலோமீற்றர் தூரம், மணிக்கு சராசரியாக 24.4 கிலோமீற்றர் வேகம், உச்ச வேகம் 81.6. குளிரூட்டி இயக்கப்படுவதில்லை. டோக்கியோ நகரத்து வாகன நெரிசலை மனதிற்கொண்டு வரையப்பட்ட ஓட்டம் அது. அதற்கும் முன்னர் நடைமுறையிலிருந்த 10-15 முறை இன்னும் இலகுவானது. உச்ச வேகம் 70 மட்டுமே. அம்முறையில் அளந்தபோது இதே அக்வா லீற்றருக்கு 40 கிலோமீற்றர் காட்டிற்று. நம் ஊரில் “நாற்பது ஓடும்” என்று சொல்லித் திரிந்தவர்கள் அந்த எண்ணைத்தான் எங்கிருந்தோ கேட்டு வந்திருக்கின்றார்கள்.

அமெரிக்கர்களோ 2008ஆம் ஆண்டு மாதிரி வாகனங்களிலிருந்து தமது முறையைக் கடுமையாக்கிக்கொண்டார்கள். நகர ஓட்டத்துக்கும் நெடுஞ்சாலை ஓட்டத்துக்கும் மேலாக, வேகமான ஓட்டம் ஒன்றும், கடுங்குளிரில் ஒன்றும், 35 பாகை செல்சியஸ் வெப்பத்தில் குளிரூட்டியை இயக்கியபடி ஒன்றும் சேர்க்கப்பட்டன. மே மாதத்து அக்கரைப்பற்று மதிய வேளைக்கு இந்த ஐந்தாவது சோதனைதான் கிட்டிய உறவு. எனவே, ஜப்பானிலிருந்து இறக்குமதியாகும் எந்தக் காருக்கும் அமெரிக்க எண் ஒன்று கிடைக்குமாயின் அதையே எடுத்துக்கொள்வது நலம் என்பது எமது அபிப்பிராயம். ஜப்பானும் 2018இலிருந்து உலகப் பொதுவான புதிய முறைக்கு மாறிவிட்டது. அதில் நகரம், புறநகர், நெடுஞ்சாலை என மூன்று எண்கள் தனித்தனியே தரப்படுகின்றன. இது பெரிய முன்னேற்றம். எனினும் நம் வீதிகளில் ஓடும் வாகனங்களில் மிகப் பெரும்பாலானவை அதற்கு முந்தியவை. 2020 மார்ச் முதல் 2025 பெப்ரவரி வரை வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்தமையால் பழைய எண்களே இன்னமும் சந்தையை ஆள்கின்றன.

சோதனை முறை இலகுவாக இருப்பது ஒருபுறமிருக்க, அச்சோதனையிலும் கை வைத்தவர்கள் உண்டு. 2016 ஏப்ரலில் மிட்சுபிஷி நிறுவனம் தனது சிறிய கார்களின் எரிபொருள் சோதனைத் தரவுகளைத் திரித்ததாக ஒப்புக்கொண்டது. 6 இலட்சத்து 25 ஆயிரம் கார்கள் சம்பந்தப்பட்டிருந்தன. அவற்றில் 4 இலட்சத்து 68 ஆயிரம், மிட்சுபிஷி தயாரித்து நிஸான் நிறுவனம் தனது பெயரில் விற்ற டேஸ் ரகக் கார்கள். நிஸான்தான் எண்களில் முரண்பாட்டைக் கண்டுபிடித்தது என்பதும் குறிப்பிடத்தக்கது. அமெரிக்காவில் ஹுண்டாய், கியா நிறுவனங்களும் 2012இல் இத்தகைய குற்றச்சாட்டில் சிக்கி, 2014இல் 10 கோடி டொலர் அபராதம் செலுத்த உடன்பட்டன.

ஒரு மாதம் கழித்து, 2016 மே மாதத்தில், சுசுகி நிறுவனத்தின் கதை வெளிவந்தது. அது எமக்குச் சற்று வேறு காரணத்தால் சுவாரசியமானது. உருளைகளின் மீது காரை ஏற்றுவதற்கு முன்னர், வெளியே உண்மையான ஓடுபாதையில் காரை வேகமாக ஓட்டிச் சென்று, கியரை விடுவித்து, தானாக வேகம் தணிய விட வேண்டும். எவ்வளவு நேரத்தில் தணிகின்றது என்பதைக் கொண்டு காற்றும் தரையும் காரை எவ்வளவு இழுக்கின்றன என்று கணிப்பார்கள். அந்த இழுவையைத்தான் ஆய்வுகூட உருளைகளில் ஏற்றுவார்கள். சுசுகியின் சோதனைப் பாதை கடலுக்கு அண்மித்த மேட்டுநிலத்தில் இருந்தது. அங்கே வீசிய காற்று அளவீட்டைக் குழப்பியது. ஆகவே விதித்த முறையை விட்டுவிட்டு, டயர், பிரேக் போன்ற பாகங்களைத் தனித்தனியே உள்ளரங்கில் அளந்து கூட்டி எண்ணைத் தயாரித்தார்கள். சுமார் 21 இலட்சம் வாகனங்கள் இவ்வாறு கணிக்கப்பட்டவை. மீள அளந்தபோது எண்கள் மோசமாகவில்லை என்று நிறுவனம் தெரிவித்தது. அது எப்படியாயினும், கடற்காற்று ஒரு காரின் எரிபொருள் கணக்கை அவ்வளவு தூரம் குழப்பும் என்பதற்கு அந்நிறுவனத்தின் ஒப்புதலைவிடச் சிறந்த சாட்சியம் எமக்கு வேண்டியதில்லை.

ஏனெனில், நாமும் காற்றின் நாட்டில் வாழ்பவர்கள். ஆண்டின் நடுப்பகுதியில் மேற்கிலிருந்து வரண்டு வீசும் கச்சான் காற்றை இக்கரையில் அறியாதவர் எவருமில்லை. காரைதீவுச் சந்தியில் திரும்பி, சம்மாந்துறையைக் கடந்து, மல்வத்தை ஊடாக அம்பாறைக்குச் செல்லும் வீதி வயல்வெளி நடுவே மேற்கு நோக்கியே நீள்கின்றது. மறைப்புக்கு ஒரு மரமும் இராத இடங்கள் உண்டு. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி 30 கிலோமீற்றர் வேகக் கச்சானை எதிர்கொண்டால், காற்றைப் பொறுத்தவரை அது 90இல் செல்வதற்குச் சமம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருபடியாக வளர்வது. 60, 90 ஆகும்போது எதிர்ப்பு ஒன்றரை மடங்கு ஆவதில்லை. இரண்டேகால் மடங்கு ஆகின்றது. மாலையில் அதே வீதியால் திரும்புகின்றபோது கச்சான் முதுகைத் தள்ளிவிடும். காலையில் “இன்று வண்டி இழுக்கவில்லை” என்று மெக்கானிக்கைத் திட்டியவர் மாலையில் அவரைப் பாராட்டுவார். மெக்கானிக் இரண்டுக்கும் பொறுப்பாளி அல்லர்.

கரையோரப் பிரதான வீதியின் இயல்பு முற்றிலும் வேறு. மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை எனத் தொடர்ந்து அக்கரைப்பற்று வரையில் ஊர் முடிந்து ஊர் தொடங்குகின்றதேயன்றி, இடைவெளி என்பது அரிது. பாடசாலை விடுகின்ற நேரம், ஜும்ஆத் தொழுகை முடிந்து மக்கள் வெளியேறுகின்ற நேரம், நோன்பு காலத்தில் இஃப்தாருக்கு முந்திய அரை மணி நேரம் ஆகியவற்றில் கல்முனை நகரைக் கடந்தவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. நிறுத்தம், புறப்பாடு, மீண்டும் நிறுத்தம். ஒவ்வொரு தடவை பிரேக்கை மிதிக்கின்றபோதும் பெற்றோல் செலவழித்துப் பெற்ற வேகம் வெப்பமாகிக் காற்றில் கரைகின்றது.

ஹைப்ரிட் வாகனத்தின் சூட்சுமம் இங்கேதான் இருக்கின்றது. பிரேக் பிடிக்கின்ற வேளையில் அது மோட்டாரையே மின்பிறப்பாக்கியாக மாற்றி, வீணாகப் போகவிருந்த சக்தியில் ஒரு பகுதியை பற்றரியில் சேமிக்கின்றது. அடுத்த புறப்பாட்டுக்கு அதையே கொடுக்கின்றது. நிற்கின்றபோது இயந்திரம் அணைந்து கிடக்கின்றது. ஆகவே சாதாரண காருக்குப் பகையான கல்முனை நெரிசல் ஹைப்ரிட்டுக்கு அவ்வளவு பகையன்று. பிரியஸ் சி காருக்கு அமெரிக்க முகவரகம் தந்த தனித்தனி எண்களைப் பார்த்தால் இது தெளிவாகும்: நகரத்தில் 53 மைல், நெடுஞ்சாலையில் 46 மைல். நீண்ட தூரம் ஓட்டினால் ஹைப்ரிட் இன்னும் கூடுதலாக ஓடும் என்று நம்பிக் கொழும்புப் பயணத்துக்காகவே அதை வாங்கியவர்கள், நேர்மாறான காரணத்துக்காகத் தவறான வாகனத்தை வாங்கியிருக்கின்றார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

வேகப் பிரியர்களான இளைஞர்களையும் இங்கே மறந்துவிடக் கூடாது. ஹைப்ரிட்டும் வேண்டும், ஸ்போர்ட்ஸ் காரும் வேண்டும் என்ற ஆசைக்காகவே பிறந்தது ஹொண்டா நிறுவனம் 2010 பெப்ரவரியில் வெளியிட்ட சீஆர்-இஸட். தாழ்ந்த கூரை, இரண்டு கதவுகள், பெயரளவிலான பின்னாசனம். அதன் தானியங்கி ரகம் 10-15 முறையில் லீற்றருக்கு 25 கிலோமீற்றர் ஓடும் என்றது ஜப்பானிய அறிவிப்பு. 40 லீற்றர் தாங்கியை நிரப்பினால் 1,000 கிலோமீற்றர்! அமெரிக்க எண் கலனுக்கு 37 மைல்; அதாவது லீற்றருக்கு 15.7 கிலோமீற்றர். தாங்கியொன்றுக்கு 630கூட இல்லை. அதுவும் நிதானமாக ஓட்டுபவருக்கு. ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி நிதானமாக ஓட்டுபவர் யார் என்பது வேறு கேள்வி. தாழ்ந்த உருவம் காற்றைக் கிழிக்க உதவுவது உண்மையே. ஆனால் அகன்ற டயர்கள் தரையைக் கூடுதலாகப் பற்றுகின்றன. திடீர் வேகமெடுப்பு ஒவ்வொன்றும் மேலதிக பெற்றோலைக் குடிக்கின்றது. கடற்கரை வீதியில் 150 சீசீ மோட்டார் சைக்கிளைச் சீறவிட்டுச் சந்திக்குச் சந்தி பிரேக் அடிக்கின்ற தம்பிமாருக்கும் இதே கணக்குப் பொருந்தும். இயந்திரம் சிறிதென்பதால் இழப்புச் சிறிதாகத் தெரிகின்றது, அவ்வளவுதான்.

வீதிக்கும் வேகத்துக்கும் அடுத்தது சுமை. ஜப்பானில் சோதனை செய்யப்படுகின்ற கார் ஏறக்குறைய இருவருடைய எடையையே சுமக்கின்றது. நம் ஊரில் குடும்பம் முழுவதும் ஏறிய பின்னரே வண்டி புறப்படும். பெருநாளைக்கென்றால் வாழைக்குலையும் ஆடும்கூட ஏறும். ஒரு காருக்கு ஏறத்தாழ 45 கிலோகிராம் கூடினால் எரிபொருள் செலவு 1 சதவீதம் கூடும் என்பது பொதுவான கணிப்பு. சிறிய வண்டிக்கு இது இன்னும் அதிகம். அதைவிடக் கொடியது கூரைமேல் ஏற்றும் பொதி. நெடுஞ்சாலை வேகத்தில் கூரைப்பெட்டி 6 முதல் 17 சதவீதம் வரை எரிபொருளை விழுங்குவதாக அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் குறிப்பிடுகின்றது. கட்டுநாயக்கவிலிருந்து பொதிகளைக் கூரையில் கட்டிக்கொண்டு வருகின்ற வான்களின் சாரதிகள் இதை அனுபவத்தால் அறிவார்கள்.

மலையேற்றம் தனிக் கணக்கு. பயணிகளுடன் இரண்டரைத் தொன் எடையுள்ள வானொன்றைக் கல்முனைக் கடல்மட்டத்திலிருந்து கண்டியின் 500 மீற்றர் உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும் ஏறத்தாழ ஒரு லீற்றர் டீசல் எரிய வேண்டும். இது தூரத்துக்கான செலவு அன்று, உயரத்துக்கான செலவு. மஹியங்கனைக்கு மேலுள்ள 18 வளைவு வீதி ஏறியிறங்குகின்ற மேடு பள்ளங்களைச் சேர்த்தால் இன்னும் கூடும். லீற்றருக்கு 10 கிலோமீற்றர் என்று வைத்தால், அன்றைய ஒதுக்கீட்டின் 20 லீற்றரில் வான் ஓடக்கூடியது 200 கிலோமீற்றர். கண்டியை எட்டிப்பிடிப்பதே பெரும்பாடு. கொழும்பு நகரத்தில் வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு ஓடுபவருக்கும் அதே 20 லீற்றர். தலைநகரை ஒரு தடவையேனும் எட்ட முடியாத கல்முனையாருக்கும் அதே 20 லீற்றர். வாகனத்தின் வகையைப் பார்த்து எரிபொருளைப் பங்கிட்டவர்கள் தூரத்தைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் சமமாகக் கொடுத்தோம் என்று அவர்கள் சொல்லலாம். லீற்றரில் அது சமம், கிலோமீற்றரில் சமமன்று. முச்சக்கர வண்டிக்காரரின் நிலை இதைவிடப் பரிதாபம். லீற்றருக்கு 25 என்று தாராளமாக வைத்தாலும் 5 லீற்றருக்கு 125 கிலோமீற்றர். வாடகைக்கு ஓட்டுபவருக்கு அது ஒன்றரை நாள் ஓட்டம். வாரத்தின் எஞ்சிய நாட்களில் அவருடைய அடுப்பு எப்படி எரிந்தது என்பதை எந்த அட்டையும் பதிவு செய்யவில்லை.

வாகனத்தின் வயதும் கவனிக்கத்தக்கது. காற்றழுத்தம் குறைந்த டயர், அடைபட்ட காற்று வடிகட்டி, சக்கரத்தை முழுதாக விடுவிக்காத துருப்பிடித்த பிரேக் ஆகியவை சிறுகச் சிறுகக் களவாடுபவை. உப்புக்காற்று வீசும் கரையில் கடைசியாகக் கூறியது சர்வ சாதாரணம். ஹைப்ரிட் உரிமையாளர்களில் பலர் அறியாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அக்வா, பிரியஸ் போன்ற கார்களின் பெரிய பற்றரியைக் குளிர்விக்கின்ற காற்று, பின்னாசனத்தின் ஓரத்திலுள்ள சிறு துவாரம் வழியாக உள்ளே இழுக்கப்படுகின்றது. அந்த இடத்தில் பையை வைத்து மூடுவதும், கடற்கரை மணலையும் தூசியையும் அடைய விடுவதும் பற்றரியைச் சூடேற்றும். சூடேறிய பற்றரி குறைவாகவே சேமிக்கும், விரைவில் மூப்படையும். துவாரத்தைத் துப்புரவாக்கச் சில நிமிடங்கள் போதும். பற்றரியை மாற்றுவதற்கோ இலட்சங்கள் வேண்டும்.

பற்றரியே உயிரான மின்சாரக் கார்களில் இப்பிரச்சினை உச்சத்தை அடைகின்றது. நிஸான் லீஃப் 2010 டிசம்பரில் வெளிவந்தபோது ஒரு மின்னேற்றத்தில் 200 கிலோமீற்றர் ஓடும் என்று ஜப்பானில் அறிவிக்கப்பட்டது. அமெரிக்க முகவரகம் தந்த எண் 73 மைல், அதாவது 117 கிலோமீற்றர். அது புதிய பற்றரிக்கு. அந்த லீஃபின் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது. வெப்ப தேசங்களில் அது விரைவாகத் தளர்ந்தது. அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்து உரிமையாளர்கள் 2012இல் முறைப்பாடு செய்த பின்னரே நிறுவனம் பற்றரியின் கொள்ளளவுக்கும் உத்தரவாதம் வழங்க முன்வந்தது. இலங்கைக்கு வரிச்சலுகைக் காலத்தில் ஆயிரக்கணக்கில் வந்தவை இந்த ரகக் கார்களே. எமக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் அப்படியொன்றை வாங்கினார். மட்டக்களப்புக்குப் போய் வரலாம் என்று விற்றவர் சொன்னார். போனார், வரும்போது களுவாஞ்சிகுடியில் ஓர் உறவினர் வீட்டு முற்றத்தில் இரவு முழுக்க மின்னேற்றிவிட்டு மறுநாள் வந்து சேர்ந்தார். பழைய மின்சாரக் கார் வாங்குபவர் ஆண்டையும் நிறத்தையும் பார்க்க முன்னர், பற்றரியின் எஞ்சிய ஆரோக்கியத்தைக் காட்டுமாறு கேட்க வேண்டும். லீஃபில் அது பன்னிரண்டு கோடுகளாகத் திரையிலேயே தெரியும். இப்போது வருகின்ற புதிய மின்சாரக் கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் திரவக் குளிரூட்டல் உண்டு. எனினும் அறிவிக்கப்படும் தூரத்தை அப்படியே நம்பிப் புறப்படுவது அவற்றிலும் விவேகமன்று.

இத்தனைக்கும் நடுவே எம்மவர்களிடம் சில நம்பிக்கைகள் வேரூன்றியுள்ளன. அதிகாலையில் பெற்றோல் அடித்தால் கூடுதலாகக் கிடைக்கும் என்பது அவற்றுள் ஒன்று. பெற்றோல் 10 பாகை சூடேறினால் ஏறத்தாழ 1 சதவீதம் விரிவது உண்மையே. ஆனால் நிரப்பு நிலையத்தின் தாங்கி நிலத்துக்கடியில் இருப்பதால் அதிகாலைக்கும் நண்பகலுக்கும் அங்கே வெப்பநிலை பெரிதாக மாறுவதில்லை. சுபஹுத் தொழுதுவிட்டு நேரே நிரப்பு நிலையத்துக்குச் செல்பவருக்குக் கிடைக்கும் இலாபம் வரிசை குறைவாக இருப்பதே. ஒக்டேன் 95 ஊற்றினால் கூடுதலாக ஓடும் என்பது மற்றொன்று. 92க்கென வடிவமைக்கப்பட்ட இயந்திரத்துக்கு 95 ஊற்றுவதால் பணம் கூடுதலாகச் செலவாகுமேயன்றித் தூரம் கூடாது.

எனவே ஒருவர் நம்பத்தக்க எண் அவருடைய வண்டியில் அவரே அளந்தெடுத்த எண்தான். முறை மிக எளிது. தாங்கியை நிரப்புங்கள், குழாய் தானாக நிற்கின்ற இடத்தில் நிறுத்திவிடுங்கள். பயண மீட்டரைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். வழமைபோல் ஓட்டுங்கள். அடுத்த தடவை அதே நிலையத்தில் அதேபோல் நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லீற்றரால் வகுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை அளந்தால் போதாது. நான்கைந்து தடவை அளந்து சராசரி காண வேண்டும். காரின் திரை காட்டுகின்ற எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். பல கார்களில் அது உரிமையாளரைச் சற்று மகிழ்விக்கின்ற பக்கமாகவே சாய்கின்றது.

அந்த எண் கையில் இருந்தாலும் கடைசித் துளி வரை கணக்குப் போடுவது ஆபத்து. கடலோடிகள் உலகெங்கும் பேணுகின்ற வழக்கம் ஒன்று உண்டு: எரிபொருளில் மூன்றிலொரு பங்கு போவதற்கு, மூன்றிலொரு பங்கு வருவதற்கு, மூன்றிலொரு பங்கு கையிருப்பு. நடுக்கடலில் எண்ணெய் தீர்ந்தால் தள்ளிக்கொண்டு வர முடியாது என்பதை அறிந்தவர்களின் கணக்கு அது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குத் தாவியபோது, இக்கரையின் மீனவர்களுக்கு அந்த மூன்றாவது பங்கு எவ்வளவு பாரமாயிற்று என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். கையிருப்பைக் குறைத்துக்கொண்டு ஆழ்கடலுக்குச் செல்வதா, செல்லாமலே இருப்பதா என்ற தெரிவை ஓர் எண்ணெய் விலை அவர்கள்மீது சுமத்திற்று.

அரசாங்கத்திடம் எமக்குள்ள எதிர்பார்ப்பு பெரிதன்று. பாவித்த வாகனமாயினும் புதியதாயினும் விற்பனைக்கு வைக்கப்படும்போது, எந்த முறையில் அளந்த எண், எந்த ஆண்டுக்குரியது, குளிரூட்டி இயங்கியதா இல்லையா என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாளில் எழுதி ஒட்டுமாறு இறக்குமதியாளரையும் விற்பனையாளரையும் கட்டாயப்படுத்தலாம். அமெரிக்காவில் புதிய கார் ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் அத்தகைய தாள் ஒட்டப்பட்டிருக்கின்றது. எரிபொருளைப் பங்கிட வேண்டிய நிலை மீண்டும் எப்போதாவது நேருமாயின், மாவட்டத்தின் தூரத்தையும் ரயில் வசதியின்மையையும் ஒதுக்கீட்டில் கணக்கிலெடுக்க வேண்டும் என்ற கோரிக்கையை இம்மாவட்டத்தின் பாராளுமன்றப் பிரதிநிதிகள் இப்போதே எழுத்தில் கொடுத்து வைப்பதும் நன்று. வரிசை தொடங்கிய பின்னர் கேட்டால் யாருக்கும் காது கேட்காது.

நோயாளிகளை மஹரகமவுக்கு ஏற்றிச் செல்லும் வான் சாரதி ஒருவரை எமக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். வண்டியின் சிறுபெட்டியில் பாடசாலைக் கொப்பி ஒன்று வைத்திருக்கின்றார். திகதி, தூரம், ஊற்றிய லீற்றர், ஏறிய ஆட்கள், கூரையில் பொதி இருந்ததா, எந்தப் பாதை என்றெல்லாம் பென்சிலால் குறித்திருப்பார். 2022இல் பலருடைய வான்கள் வழியில் நின்றபோது இவருடையது நிற்கவில்லை. அண்மையில் அவரிடம் நாமும் எல்லோரையும் போலவே, “உங்கள் வான் லீற்றருக்கு எவ்வளவு ஓடும்?” என்று கேட்டுவிட்டோம். கொப்பியைக் கையிலெடுத்துக்கொண்டு அவர் திருப்பிக் கேட்டார்: “எங்க போறீங்க, எத்தனை பேர்?”